எழுவாயைத் தேடி லங்காஸ்டர் வரை

பத்திரிகைகளில் விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை இரண்டு விதமாக வருகிறது. ஒன்று அகழாய்வுச் செய்தி. வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் 2022 மார்ச்சில் தொடங்கிய வேலை அது. சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் உருவம் என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. தோண்டியது மாநிலத் தொல்லியல் துறை என்பது முதல் வரியிலேயே இருக்கும். எந்தக் குழி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்பதும் பின்னாலேயே வந்துவிடும்.

இன்னொன்று பட்டாசு ஆலை வெடிச் செய்தி. அதன் நடையே வேறு. "மருந்தில் ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடி விபத்து ஏற்பட்டது, அறைகள் தரைமட்டமாயின" என்ற அச்சில் வார்த்த வாக்கியத்தை விருதுநகர் மாவட்டத்து வாசகர் தூக்கத்தில்கூடச் சொல்லுவார். இறந்தவர்களின் பெயரும் வயதும் கீழே இருக்கும். ஆனால் செய்தவர் இல்லை. உராய்வு தானாக ஏற்பட்டது, விபத்தும் தானாக ஏற்பட்டது, அறைகள்கூடத் தாமாகவே தரைமட்டமாயின.

இப்படிப்பட்ட வாக்கியங்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தரும் முதுகலைப் படிப்பு ஒன்று உண்டு. தமிழில் அதைச் சொல்லாடல் ஆய்வு என்கிறார்கள், கருத்தாடல் ஆய்வு என்றும் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகம் இதற்குப் பேர்போன இடம். அங்கே ஆசிரியராக இருந்த நார்மன் ஃபேர்கிளஃப் 1989-இல் மொழியும் அதிகாரமும் பற்றி எழுதிய நூலை இத்துறை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதற்குப் பத்தாண்டு முன்னால் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஃபவுலரும் நண்பர்களும் கொண்டுவந்த நூலில் டோனி ட்ரூ ஒரு காரியம் செய்தார். 1975 ஜூனில், அன்றைய ரொடீசியாவின் சாலிஸ்பரி நகரில் போலீஸ் சுட்டதில் கறுப்பின மக்கள் பலர் இறந்தார்கள். அதைப் பற்றி லண்டன் நாளிதழ்கள் எழுதியவற்றை ட்ரூ வரிவரியாக வைத்துப் பார்த்தார். முதல் நாள் போலீஸ் சுட்டது வாக்கியத்தில் இருந்தது, ஆனால் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. அடுத்தடுத்து எழுதப்பட்டவற்றில் சுட்டவர்கள் மறைந்து, "சாவுகள்" மட்டும் மிஞ்சின. பொய் சொல்லாமலே ஒரு துப்பாக்கியை மறைத்துவிட முடிகிறது.

இதைக் கற்க ஒருவர் விமானம் ஏற வேண்டுமா? நியாயமான கேள்விதான். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், செய்யப்பட்ட பொருளையே செய்ததுபோலச் சொல்லுவதும் தமிழ் வழக்குதான் என்று ஒரு விதி இருக்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் திண்ணை. மெழுகிய பெண் வாக்கியத்தில் இல்லை, திண்ணை தானே மெழுகிக்கொண்டதுபோலப் பேச்சு. தமிழ்ப் பாடம் படித்தவர்கள் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். திண்ணைக்குப் பொருந்துவது பட்டாசு அறைக்கும் பொருந்துமே என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. விதி நம்மிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேற்றைய செய்தித்தாளைப் படிக்கும் பழக்கம்தான் நம் வகுப்பறையில் இல்லை. லங்காஸ்டரிலோ மற்ற இடங்களிலோ போய்க் கற்கத்தக்கது அந்தப் பழக்கத்தைத்தான்.

2021 பிப்ரவரி 12 அன்று வெம்பக்கோட்டை அருகே அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிப்பில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் செய்திகளில் வழக்கமான உராய்வுதான். செய்தியின் அடிப்படையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, குழு அமைத்தது. உரிமம் ஒருவர் பெயரில், உள்ளே வேலை நடத்தியது குத்தகைக்கு எடுத்த வேறு ஆட்கள் என்ற விவரம் அதன் பிறகே பெரிதாகப் பேசப்பட்டது. "உள்குத்தகை" என்ற ஒரு சொல் உள்ளே வந்ததும் வாக்கியத்துக்கு எழுவாய் கிடைத்துவிட்டது. குத்தகைக்கு விட்டவர் யார், எடுத்தவர் யார், அறைக்கு எத்தனை பேரை உட்காரவைத்தவர் யார் என்று வினைகளுக்கெல்லாம் ஆள் கேட்கத் தோன்றுகிறது. 2024 பிப்ரவரி 17-இல் இதே வட்டாரத்து ராமுதேவன்பட்டியில் பத்துப் பேர் இறந்தபோது, முதல் நாள் வாக்கியம் மறுபடி பழைய அச்சுக்கே போய்விட்டது.

உராய்வு பொய் என்று யாரும் சொல்லவில்லை. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் லேசான தேய்ப்புக்கே தீப்பிடிக்கும், அது வேதியியல். ஆனால் வெயில் ஏறியபின் கலவையைத் தொட வைத்தது, மிஞ்சிய மருந்தை அறையில் விட்டுப் போனது, தீபாவளி ஆர்டருக்காக மரத்தடியில் உட்காரவைத்து வேலை வாங்கியது ஆகியவை வேதியியல் அல்ல. முன்னதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும் வாக்கியம் பின்னதை விசாரணைக்கு வெளியே வைத்துவிடுகிறது. செய்தியாளரைக் குறை சொல்லவும் முடியாது. சம்பவம் நடந்த ஒரு மணி நேரத்தில் எழுதுகிறவருக்குத் தீயணைப்புத் துறையும் காவல் துறையும் கொடுக்கும் சொற்கள்தான் கையில் இருக்கின்றன. அந்தச் சொற்கள் எங்கிருந்து கிளம்பி, எந்த மேசை வழியாக அச்சுக்கு வருகின்றன என்று பின்தொடர்ந்தாலே ஒரு நல்ல முதுகலை ஆய்வேடு கிடைக்கும்.

அப்படி ஒரு மாணவி சிவகாசிப் பக்கத்துக் கல்லூரியில் இருந்து கிளம்புகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் முதுகலை ஒரே ஆண்டு. உள்ளூர் மாணவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டு மாணவருக்கு அதைவிடப் பெரிய கட்டணம். மருத்துவச் சேவைக்காக விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு தனியாகக் கட்ட வேண்டும். கல்விப் பருவ மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். நிலத்தை அடகு வைத்து இந்தப் படிப்புக்குப் போகலாமா என்றால், கூடாது என்றே சொல்ல வேண்டும். கணினிப் படிப்புபோல உடனே கடனை அடைக்கும் படிப்பு இது இல்லை. உதவித்தொகை கிடைத்தால் போகலாம்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 2022 பிப்ரவரியில் ஒரு திருத்தம் வந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றைத் தலைப்பாகக் கொண்டால் உதவி கிடையாது என்பது அதன் சாரம். இவற்றைப் படிக்க வேண்டிய வளமும் ஆசிரியர்களும் நாட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள், வெளியே போவானேன் என்று காரணம் சொன்னார்கள்.

இந்தக் காரணத்தை அம்பேத்கரின் படிப்போடு வைத்துப் பார்க்கலாம். 1913-இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா போனவர், 1916-இல் அங்கே ஒரு கருத்தரங்கில் வாசித்தது இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையை. லண்டனில் அவர் செய்த ஆய்வு 1923-இல் ரூபாயின் சிக்கல் பற்றிய நூலாக வந்தது. இரண்டுமே இந்தியத் தலைப்புகள். 2022-இன் விதி அன்று இருந்திருந்தால் சாதி பற்றிய அந்தக் கட்டுரைக்குப் பரோடா பணம் உதவியிருக்காது.

தமிழிலும் சாட்சி உண்டு. யாழ்ப்பாணத்து க. கைலாசபதி பர்மிங்காம் போய்ச் சேர்ந்தது கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரப்பாடல்களோடு ஒப்பிட்டு அவர் எழுதியதை 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. கா. சிவத்தம்பியும் அதே தாம்சனிடம் பழந்தமிழ் நாடகம் பற்றி ஆய்வு செய்தவர். தமிழ் அறிந்த ஆசிரியர்கள் இங்கே இருந்தார்கள்தான். ஆனால் தமிழைக் கிரேக்கத்தின் பக்கத்தில் உட்காரவைக்க ஒரு தாம்சன் தேவைப்பட்டார். எதிர்த்திசையிலும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். மதுரையில் தங்கி, நம் அரசியல் மேடைப் பேச்சை ஆராய்ந்த அமெரிக்கர் பெர்னார்ட் பேட்டின் நூல் 2009-இல் வந்தது. மேடைத் தமிழைக் கேட்க அங்கிருந்து ஒருவர் வரலாம், மருந்து அறைத் தமிழைச் சொல்ல இங்கிருந்து ஒருத்தி போகக் கூடாது என்பது என்ன கணக்கு? தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்காக நடத்தும் அயலக உயர்கல்வித் திட்டத்துக்கு அம்பேத்கரின் பெயரையே வைத்திருக்கிறது. அந்தப் பெயருக்குப் பொருந்த, சொந்த ஊரைத் தலைப்பாக எடுப்பவரை அது தேடிப் பிடித்து அனுப்பலாம்.

போய்ச் சேர்ந்த பிறகு வரும் தொல்லை வேறு வகை. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு வரியையும் எழுத்துப்பெயர்த்து, சொல்லுக்குச் சொல் பொருள் கொடுத்து, கீழே மொழிபெயர்ப்பும் தர வேண்டும். முதல் வரியிலேயே "மருந்து" வரும். சிவகாசி வட்டாரத்தில் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, குழாயில் செலுத்துவதும் மருந்து. "மருந்துல வேலை பாக்குறாக" என்றால் யாரும் மருந்துக்கடையை நினைக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் போட்டாலும் மற்றப் பாதி விழுந்துவிடும். கருந்திரி, மணிமருந்து, ஃபோர்மேன், நாக்பூர் லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ் என்று பட்டியல் நீளும். நாக்பூர் என்றால் ஊர் இல்லை, வெடிபொருள் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் தரும் பெரிய உரிமம் என்று அடிக்குறிப்பு எழுத வேண்டும். 2018-க்குப் பிறகு "பசுமைப் பட்டாசு" வேறு சேர்ந்துகொண்டது. பேரியத்துக்குத் தடை சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கொண்டுவந்த சொல் அது. பெட்டியில் அது விளம்பரம், ஆலையில் அது புதுக் கலவை, கூலி வாங்குபவருக்கு அது வேலையில்லாத நாள்கள். ஒரே சொல்லை மூன்று பேர் மூன்று விதமாகப் பேசுவதைப் பிடிப்பதற்குத்தானே இந்தப் படிப்பு.

ஆங்கிலத்தில் எழுதுவதிலும் ஒரு பாடு உண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து அமெரிக்கா போய் 1990-இல் டெக்சாஸில் முனைவர் பட்டம் வாங்கிய சுரேஷ் கனகராஜா, போர் நடந்த ஊருக்கே திரும்பிப் பாடம் நடத்தினார். மின்சாரம் இல்லை, நல்ல தாள் இல்லை. மேலைநாட்டு ஆய்விதழ்களோ உயர்ந்த தாளில் பல படிகள் கேட்டன. கருத்து சரியாக இருந்தும் தாள் சரியில்லாததால் எப்படிப் பின்தங்க நேர்கிறது என்பதையே அவர் ஆய்வுப் பொருளாக்கி, அதே ஆய்விதழ் உலகத்தில் வெளியிட்டார். பின்னாளில் டெசால் குவார்டர்லி இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

வெம்பக்கோட்டை மாணவிக்கு வரும் தாள் வேறு. பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு அனுமதி கொடுப்பதற்கு முன் யாருடைய பேச்சையும் பதிவு செய்யக் கூடாது. அச்சில் வந்த செய்திகளுக்கு அந்தத் தடை பொதுவாக இல்லை, ஆகவே நூலகத்துப் பழைய இதழ்களில்தான் தொடங்க வேண்டியிருக்கும். அனுமதி கிடைத்து ஊர் திரும்பும்போது ஜூலையாகிவிடும், தீபாவளி வேலை மும்முரமான மாதம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாசல்படியில்தான் ஆட்கள் பேசக் கிடைப்பார்கள். பேசும் முன் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து என்றாலே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மீதி இருப்பவர்களிடம், பகலெல்லாம் மருந்து செலுத்திவிட்டு வந்து கையில் அலுமினியப் பொடி போகாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம், படிவத்தில் உள்ள வரியை அவள் வாசிக்க வேண்டும்: இந்த உரையாடலில் கலந்துகொள்வதால் உங்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை.