பிள்ளை பெற்றால் நாற்பது நாள், சூலகம் எடுத்தால் நாலே நாளா?

பன்வில, மடுல்கலை உறவுகளே, கோபிக்காமல் வாசியுங்கள்.

நம் ஊரில் ஒரு பெண் பிள்ளை பெற்றால் நாற்பது நாள் அவளை அடுப்படிப் பக்கம் விடமாட்டோம். உம்மா வந்து நிற்பா, மாமி பத்தியக் கறி ஆக்குவா. நல்ல வழக்கம். அதே பெண் வயிற்றை வெட்டிச் சூலகத்தை எடுத்துவிட்டு கண்டியிலிருந்து வந்தால்? கையில் பிள்ளை இல்லை, ஆகவே ஓய்வும் இல்லை!

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. மறைக்கமாட்டோம். தாத்தா வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், நோய் பார்க்க ஒரே பின்னேரம் பதினான்கு பேர். அத்தனை பேருக்கும் பிளேன்டீ ஊற்றியது தாத்தாதான். பைப்பில் தண்ணீர் இல்லையென்று பீலியிலிருந்து வாளி தூக்கியதும் அவதான். ஆண்கள் நாங்கள் ஹோலில் கதைத்துக்கொண்டிருந்தோம். அன்றிரவு தையல் ஓரம் விட்டு நீர் வடிந்தது. வத்தேகம ரோட்டு வளைவுகளில் த்ரீவீலுக்குள் அவ வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியதை எங்களால் மறக்க முடியவில்லை.

வயிற்றைத் திறந்து செய்த ஒபரேஷன் என்றால் ஆறு கிழமை அளவில் பாரம் தூக்கக்கூடாது. அது 42 நாள். நம் நாற்பதைவிட இரண்டு நாள் கூட! சிறு துளை போட்டுச் செய்ததென்றால் இரண்டு முதல் நாலு கிழமை. அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. வீட்டுக்குள் மெல்ல நடக்க வேண்டும். இல்லாவிட்டால் காலில் இரத்தம் உறையலாம்.

"அந்தக் காலத்துப் பொம்பளைகள் உடனே எழும்பி வேலை செய்தாங்க" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1809இல் அமெரிக்காவில் ஜேன் குரோஃபர்ட் என்ற பெண்ணுக்கு டொக்டர் மக்டவல் மயக்க மருந்தே இல்லாமல் சூலகக் கட்டியை எடுத்தார். ஐந்தாம் நாள் அவ எழும்பிக் கட்டில் விரித்தா. டொக்டர் பாராட்டவில்லை, எச்சரித்தார். 25 நாள் கழித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

அடுத்தது நம் வாய். "உள்ளே எல்லாம் எடுத்தாச்சாம், இனி அவ பொம்பளையா?" ஒரு சூலகம் மிஞ்சினாலும் அது வேலை செய்யும். மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன் இரண்டையும் எடுத்தால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் திடீரென்று குறையும்; உடம்பு எரியும், தூக்கம் போகும், கோபம் வரும். அது ஜின்னும் அல்ல, திமிரும் அல்ல. ஓதிப் பாருங்கள், தடுக்கவில்லை. ஆனால் கிளினிக்கை விடாதீர்கள். எலும்பு தேயாமல் இருக்கவும் அங்கேதான் வழி சொல்வார்கள்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவினார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. தாடி வைப்பதில் சுன்னத்தைத் தேடும் நமக்கு வாளி தூக்குவதில் மட்டும் ஏன் தெரிவதில்லை?

நோய் பார்க்கப் போனால் பிஸ்கட் வேண்டாம், சோறு கறி ஆக்கிக்கொண்டு போங்கள். பத்து நிமிஷத்தில் எழும்புங்கள். தேத்தண்ணி கேட்காதீர்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், கால் வீக்கம் என்றால் விடியும்வரை பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சுத் திணறினால் உடனே 1990க்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

பள்ளி நிர்வாகத்தினரே, ஒரு ஜும்ஆவில் இதையும் பேச வையுங்கள். எங்கள் தாத்தா இப்போது சுகம், அல்ஹம்துலில்லாஹ். அடுத்த வீட்டுத் தாத்தாவுக்காகத்தான் இதை எழுதினோம்.