ஆசிரியரின் சோர்வும் மாணவரின் நெருக்கடியும்

ஓய்வெடுத்தால் நீங்கிவிடும் களைப்பு வேறு. தணிக்கப்படாத பணியழுத்தம் நீண்டகாலம் சேர்ந்து மனவலுவை அரித்துவிடும் பணிச்சோர்வு வேறு. 1974இல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் விவரித்த இந்நிலைக்கு, கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்ட அளவுகோல் மூன்று கூறுகளை வகுத்தது: உணர்வு வற்றிப்போதல், பணியில் பழகும் மனிதரிடமிருந்து மனத்தளவில் விலகுதல், தன் உழைப்பால் பயனில்லை என்று எண்ணுதல். வகுப்பறையில் இவை சிறு குறும்புக்கும் கடுஞ்சினம் கொள்வதாகவும், பிள்ளைகளை வெறும் மதிப்பெண்களாகக் காண்பதாகவும், பாடத் தயாரிப்பில் நாட்டம் குறைவதாகவும் வெளிப்படுகின்றன. இந்நிலையிலுள்ள ஆசிரியருக்கு, திடீரென மௌனமாகிவிட்ட அல்லது காரணமின்றிச் சீறும் மாணவரின் உள்நெருக்கடியை அடையாளம் காண்பது அரிதாகிவிடுவதால், ஆசிரியர் நலம் மாணவர் பாதுகாப்பின் பகுதியாகவே கருதப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோயாக அன்றிப் பணியிடம் சார்ந்த நிகழ்வாக வகைப்படுத்தியது. எனவே தீர்வைத் தனிமனித மன உறுதியில் மட்டும் தேடுவது நியாயமன்று. பதற்றம் மிகும்போது குரலைத் தாழ்த்துவதும், மாணவரைப் பிறர் முன் கண்டிக்காமல் தனியே பேசுவதும், தேவையெனில் சக ஆசிரியரின் துணையை நாடுவதும் ஆசிரியர் கையில் உள்ளவை. ஆனால், தமிழ்நாட்டில் எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் செய்யும் பதிவுகள் முதல், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அனுமதிக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் பணிகள் வரை, கற்பித்தலுக்கு அப்பால் சேரும் சுமையைக் குறைப்பதும், பள்ளிதோறும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரை அமர்த்துவதும் அரசின் கடமையாகும்.