மதிப்பெண் பட்டியலும் மூன்றாம் வகுப்பு மாணவனும்

புதுதில்லி: நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் பள்ளிக் கல்வியின் தரம் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம், தங்கள் மாநிலம் எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பதையே உறுப்பினர்கள் முதலில் தேடுகின்றனர். அமைச்சரின் பதிலும் ஓர் இணைப்பு அட்டவணையோடு முடிந்துவிடுகிறது. அந்தப் புள்ளிவிவரத்தால் வகுப்பறையில் என்ன மாற்றம் நேர்ந்தது என்று கேட்போர் அரிது.

என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் இயங்கும் 'பரக்' மதிப்பீட்டு மையம் 2024 டிசம்பர் 4-ம் தேதி 3, 6, 9-ம் வகுப்பு மாணவர்களின் கற்றல் திறனை நாடு முழுவதும் ஆய்வு செய்தது. 781 மாவட்டங்களில் 74 ஆயிரத்துக்கும் அதிகமான பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 21 லட்சம் மாணவர்கள் இதில் பங்கேற்றனர். 99 வரையிலான எண்களை வரிசைப்படுத்தத் தெரிந்த மூன்றாம் வகுப்பு மாணவர்கள் 55 சதவீதம் பேர்தான். பத்தாம் வாய்ப்பாடு வரை அறிந்த ஆறாம் வகுப்பு மாணவர்கள் 53 சதவீதம் மட்டுமே.

கவலைக்குரிய இந்த முடிவுகள் வெளியானது 2025 ஜூலையில். அதற்குள் அந்த மூன்றாம் வகுப்பு மாணவன் நான்காம் வகுப்புக்குச் சென்றுவிட்டான். 2021 நவம்பரில் நடைபெற்ற தேசிய அடைவு ஆய்வின் முடிவுகளும் 2022 மே மாதம்தான் வெளிவந்தன. மேலும், இவை மாதிரி ஆய்வுகள். மாவட்டத்தின் சராசரியை இவை காட்டும். எந்தப் பள்ளியில் எந்த மாணவனுக்குக் கழித்தல் கணக்கு வரவில்லை என்பதைக் காட்டா.

அதற்காக ஆய்வே வேண்டாம் என்பதல்ல. 'பிசா' எனும் சர்வதேசத் தேர்வின் 2009-ம் ஆண்டுச் சுற்றில் தமிழகமும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்று, பட்டியலின் கடைசி வரிசையில் இடம்பெற்றன. வினாக்கள் நமது சூழலுக்குப் பொருந்தாதவை என்று காரணம் கூறப்பட்டது. அதன்பின் 2012, 2015, 2018, 2022 சுற்றுகளில் இந்தியா பங்கேற்கவே இல்லை. தேர்வைத் தவிர்த்ததால் குறை நீங்கிவிடவில்லை என்பதற்கு இப்போதைய முடிவுகளே சான்று.

வேண்டியது, கிடைத்த விவரத்தைப் பயன்படுத்தும் மனம். ஒரு மாவட்டத்தில் மாணவர்கள் பின்னக் கணக்கில் பின்தங்கியிருந்தால், அவ்வாண்டு ஆசிரியர் பயிற்சி அதைப் பற்றியதாகவே அமைய வேண்டும். பள்ளி அளவிலோ, ஆசிரியரே நடத்தும் சிறு சிறு மதிப்பீடுகள்தாம் பயன் தரும். குறைந்த மதிப்பெண் தண்டனைக்குக் காரணமாகும் என்ற அச்சம் இருந்தால், உண்மையான மதிப்பெண் ஏட்டில் ஏறாது.

அரசின் கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரே ஓர் ஆசிரியருடன் இயங்கும் பள்ளிகள் 2024-25-ல் ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 'யுடைஸ்' அறிக்கை. எல்லா வகுப்புகளையும் ஒருவரே கவனிக்கும் இடத்தில், பின்தங்கிய மாணவனுக்குத் தனிக் கவனம் செலுத்துவது யார்? இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஆசிரியர் எங்கே முதலில் தேவை என்பது விளங்கும்.

எனவே, எங்கள் மாநிலம் எத்தனையாவது இடம் என்ற கேள்வியை உறுப்பினர்கள் இனியேனும் ஒதுக்கி வைக்கட்டும். பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஆய்வுக்குப் பிறகு எத்தனை ஆசிரியர்கள் அனுப்பப்பட்டனர், எவ்வளவு நிதி சென்றது என்று அவையில் கேட்கட்டும். அதற்கான பதிலை இணைப்பு அட்டவணைக்குள் மறைக்க இயலாது.