திரை இருண்டதும் போர்டை மாற்ற வேண்டாம்

ஃபர்ம்வேர் அப்டேட் பாதியில் நின்றுபோன மடிக்கணினியின் நிலை பலருக்கும் பழக்கமானதுதான். பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி கொஞ்சம் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டாகவே கிடக்கிறது. சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போனால் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்: "போர்டு டெட் சார், மாத்தணும்." போர்டின் விலையைக் கேட்டதும், இதற்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமே என்ற யோசனையும் கூடவே வந்துவிடுகிறது.

பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு. அப்டேட்டின்போது கெட்டுப்போவது, போர்டில் உட்கார்ந்திருக்கும் எட்டுக்கால் சிப் ஒன்றில் எழுதியிருக்கும் தகவல் மட்டுமே. சிப்பு உட்பட மற்ற எல்லாம் நல்ல நிலையிலேயே இருக்கும். அந்தத் தகவலைத் திரும்பச் சரியாக எழுதிவிட்டால் கணினி எழுந்துகொள்ளும். எழுதுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. எதை முதலில் முயல்வது, எதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

அந்தச் சிப்பில் எழுதியிருக்கும் ஃபர்ம்வேர், அதாவது பயாஸ் என்று நாம் பழக்கத்தில் சொல்வது, இன்றைய கணினிகளில் யுஇஎஃப்ஐ என்ற வகையைச் சேர்ந்தது. பெயர் எதுவானாலும், மின்சாரம் கிடைத்தவுடன் பிராசஸர் முதன்முதலாகப் படிக்கும் கட்டளைகள் அவை. ரேமைத் தயார்செய்வது, திரையை எழுப்புவது, டிஸ்க்கைத் தேடிப்பிடித்து விண்டோஸிடமோ லினக்ஸிடமோ பொறுப்பை ஒப்படைப்பது எல்லாம் அதன் வேலை. பெரும்பாலான மடிக்கணினிகளில் இது 16 அல்லது 32 எம்பி கொள்ளளவுள்ள ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. ஃபிளாஷ் சிப்பில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. முதலில் ஒரு பகுதியை, பொதுவாகக் குறைந்தபட்சம் 4 கேபி அளவுக்கு, மொத்தமாக அழிக்க வேண்டும். அதன் பிறகே எழுத முடியும். அப்டேட் என்பது இப்படி அழிப்பதும் எழுதுவதுமாகப் பகுதி பகுதியாக நகர்கிற வேலை. நடுவில் மின்சாரம் போனால் கொஞ்சம் புதியது, கொஞ்சம் பழையது, இடையில் வெற்றிடம் என்று நின்றுவிடும்.

மடிக்கணினிக்குத்தான் பேட்டரி இருக்கிறதே, கரன்ட் போனால் என்ன என்று கேட்கலாம். பேட்டரி உப்பிப்போனதால் கழற்றி வைத்துவிட்டு சார்ஜரில் மட்டுமே ஓட்டுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு மின்வெட்டு அப்படியே ஆபத்துதான். அதைவிடப் பெரிய ஆபத்து பொறுமையின்மை. விண்டோஸ் அப்டேட் வழியாகவே ஃபர்ம்வேரும் வந்துவிடுவதால், தன் கணினியில் இப்போது நடப்பது பயாஸ் அப்டேட் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. திரை இருண்டு கிடக்கிறது, அலுவலகத்துக்கு நேரமாகிறது, பவர் பட்டனைப் பிடித்து அமுக்கிவிடுகிறார்கள்.

இவ்வளவு வம்பு இருக்கும்போது அப்டேட்டே போடாமல் இருந்துவிட்டால் என்ன? ஓடுகிற கணினியை எதற்குத் தொட வேண்டும் என்ற பழைய அறிவுரைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இப்போது இல்லை. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பிராசஸர் பாதுகாப்புக் குறைகள் வெளிவந்தபோது, ஸ்பெக்டரின் ஒரு வகைக்கான தீர்வின் பகுதி பிராசஸரின் மைக்ரோகோடாக பயாஸ் வழியே வந்தது. 2023இல் வெளியான லோகோஃபெயில் என்ற குறை, கணினி எழும்போது காட்டுகிற நிறுவனச் சின்னத்தின் படக்கோப்பு வழியாகவே உள்ளே நுழையலாம் என்று காட்டியது. கணினி எழும்போது ஓடுபவை நம்பகமானவையா என்று சோதிக்கும் செக்யூர் பூட் ஏற்பாட்டுக்காக 2011இல் வழங்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலிருந்து முடிகிறது. சில கணினிகளில் அவற்றைப் புதுப்பிக்க ஃபர்ம்வேர் அப்டேட்டும் தேவைப்படும். ஆகவே தவிர்த்துக்கொண்டே இருக்க முடியாது. அதே நேரத்தில் அவசரப்படுவதிலும் லாபமில்லை: அந்த 2018 ஜனவரியிலேயே, முதலில் கொடுத்த மைக்ரோகோடால் கணினிகள் தாமாக ரீஸ்டார்ட் ஆகின்றன என்று, அதை நிறுவ வேண்டாமென இன்டெல் சொல்லும்படி ஆனது. பாதுகாப்புத் திருத்தம் என்றால் சில வாரங்கள் பொறுத்துப் போடுவதும், வெறும் எண் மாற்றம் என்றால் விட்டுவிடுவதும் என் கட்சி.

சரி, அப்டேட் சொதப்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதலில், உண்மையிலேயே சொதப்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். புதிய ஃபர்ம்வேர் முதல்முறை எழும்போது ரேமை முழுதாக அளந்து பழக்கிக்கொள்ளும். டிடிஆர்5 ரேம் உள்ள கணினிகளில் இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரையில் ஒன்றும் வராது. கணினி தானாக இரண்டு மூன்று முறை அணைந்து எழவும் செய்யும். விசிறியைக் கவனிக்கும் துணைச் சிப்பின் ஃபர்ம்வேரும் சேர்ந்து மாறினால் விசிறி முழுவேகத்தில் இரையும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் எல்லாம் இயல்பானதே. சார்ஜரைச் சொருகியபடி அரைமணி நேரம் தொடாமல் விட்டுவிடுவதுதான் முதல் சிகிச்சை. நன்றாக முடிய இருந்த அப்டேட்டை இந்த அரைமணியில் பட்டனை அமுக்கிக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

அதற்குப் பிறகும் அசைவில்லை என்றால் சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, போர்டில் தேங்கிய மின்சாரத்தை வடியவிட்டுத் திரும்ப முயலலாம். திங்க்பேட் பலவற்றில் அடிப்பாகத்தில் ஊசித்துளை ஒன்று இருக்கும். பேப்பர் கிளிப்பால் அதை அழுத்தினாலும் இதே பலன்தான்.

இனித்தான் உண்மையான மீட்பு. வீட்டைப் பிரித்துக் கட்டுகிறவர்கள், வேலை முடியும்வரை குடியிருக்க ஓர் அறையை இடிக்காமல் விட்டுவைப்பார்கள். பயாஸ் சிப்பிலும் அப்படி ஒரு சிறு பகுதி உண்டு. பூட் பிளாக் என்பார்கள். சாதாரண அப்டேட் முடிந்தவரை அதைத் தொடாது. பிராசஸர் முதலில் அங்கேதான் வருகிறது. மீதிப் பகுதி சரியாக இருக்கிறதா என்று அது சோதிக்கும். கெட்டிருந்தால் பென்டிரைவில் நல்ல பிரதி கிடைக்கிறதா என்று தேடத் தெரிந்த அளவுக்கு அதற்கு அறிவு கொடுத்து வைத்திருக்கிறார்கள். நாம் செய்ய வேண்டியது அந்தப் பிரதியைக் கொடுத்து, தேடச் சொல்லி அதைத் தட்டியெழுப்புவது.

2015 இறுதிக்குப் பின் வந்த பெரும்பாலான டெல் மடிக்கணினிகளில் அது இப்படி: வேறொரு கணினியில் டெல் தளத்திலிருந்து சரியான மாடலுக்குரிய மீட்புக் கோப்பை இறக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட வேண்டும். கோப்பின் பெயர் டெல் சொல்கிறபடியே, ஆர்சிவி என்று முடிய வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கண்டுகொள்ளாது. பென்டிரைவைச் சொருகி, சார்ஜரைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தியபடியே சார்ஜரைச் சொருக வேண்டும். மீட்புத் திரை வந்ததும் விரலை எடுக்கலாம். திரை வராவிட்டாலும் பேட்டரி விளக்கைக் கவனியுங்கள். ஆரஞ்சில் மூன்று முறை, வெள்ளையில் மூன்று முறை மினுக்கினால் மீட்புக் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். ஆரஞ்சு மூன்று, வெள்ளை நான்கு என்றால் கோப்பு கிடைத்தது, ஆனால் செல்லாத கோப்பு. அப்படி மினுக்கத் தெரிந்த போர்டைச் செத்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

எச்பியில் வழி கொஞ்சம் வேறு. பயாஸ் அப்டேட் கோப்பை வேறொரு கணினியில் ஓட்டினால், மீட்பு பென்டிரைவ் உருவாக்கவா என்று அதுவே கேட்கும். அதைச் சொருகி, விண்டோஸ் விசையையும் பி-யையும் பிடித்துக்கொண்டு, பவர் பட்டனை இரண்டு மூன்று விநாடி அழுத்தி விட வேண்டும். மற்ற இரண்டு விசைகளிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. பீப் ஒலி கேட்கலாம். முக்கால் நிமிடம்வரை திரை இருட்டாகவே இருக்கும். இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். பி பலிக்காத சில மாடல்களில் வி பலிக்கும். அலுவலகங்களுக்கென்று வரும் எச்பி கணினிகள் பலவற்றில் ஷ்யூர் ஸ்டார்ட் என்ற ஏற்பாடு தனியே ஒரு பிரதியை வைத்திருந்து தானாகவே சரிசெய்துகொள்ளும். புதிய மேக் என்றால் இன்னொரு மேக்குடன் யுஎஸ்பி-சி கேபிளால் இணைத்து ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் வழியே மீட்கலாம். அங்கே ரிவைவ் என்பதைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். ரிஸ்டோர் என்பதை அழுத்தினால் தரவு எல்லாம் போய்விடும்.

இந்த விசைச் சேர்க்கைகளை நிறுவனங்கள் உதவிப் பக்கங்களுக்குள் எங்கோ புதைத்து வைத்திருப்பது எனக்கு விளங்காத விஷயம். சீரியல் எண் ஒட்டுகிற ஸ்டிக்கரில் இதற்கும் ஒரு வரி இடம் இருக்கிறது.

பூட் பிளாக்கே அடிபட்டிருந்தால் எந்த விசைக்கும் பதில் வராது. அப்போதுதான் சிப்பைத் தொட வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் சிப் லெவல் சர்வீஸ் என்று பலகை வைத்திருப்பவர்கள் செய்வது இதைத்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிஎச்341ஏ புரோகிராமரை யுஎஸ்பியில் சொருகி, சிப்பின் எட்டுக் கால்களையும் கவ்வும் கிளிப்பை மாட்டி, உள்ளே இருப்பதைப் படித்து, புதியதை எழுதுவது. சொல்வதற்கு எளிது. சிப்பின் மேலே பொடி எழுத்தில் இருப்பதை லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டும். வின்பாண்ட் 25கியூ128 எஃப்வி என்றிருந்தால் 3.3 வோல்ட் சிப். எஃப்டபிள்யூ என்று முடிந்தால் 1.8 வோல்ட். கடைசி எழுத்தைக் கவனிக்காமல் மின்சாரம் கொடுத்தால், அதுவரை நன்றாக இருந்த சிப்பு அப்போது உண்மையிலேயே போய்விடும். போதாக்குறைக்கு, மலிவான கறுப்பு நிற சிஎச்341ஏ போர்டுகள் 3.3 என்று சொல்லிக்கொண்டே சிக்னல் கால்களில் 5 வோல்ட் விடும் வழக்கமுடையவை. கிளிப்பில் சரியாகப் படிக்காவிட்டால் ஹாட் ஏரால் சிப்பை எடுத்துத்தான் எழுத வேண்டும். இதெல்லாம் கை பழகியவர்களின் வேலை; முதல்முறை முயல்கிறவர் தன் ஒரே கணினியில் முயல வேண்டாம்.

கடைக்காரரிடம் விட்டாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: எழுதுவதற்கு முன் எடுத்த பழைய டம்ப், அதாவது சிப்பில் இருந்ததன் முழுப் பிரதி. இரண்டு முறை படித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சேமிக்கச் சொல்லுங்கள். பயாஸ் பாதி கெட்டிருந்தாலும் உங்கள் கணினிக்கே உரிய சீரியல் எண், விண்டோஸ் உரிமக் குறி போன்றவை பெரும்பாலும் அதற்குள்ளேதான் இருக்கும். அதை எடுத்துவைக்காமல் வேறு யாரோ ஒருவரின் கணினியிலிருந்து எடுத்த டம்பை அப்படியே எழுதிவிட்டால், கணினி ஓடும். ஆனால் அந்த யாரோ ஒருவரின் அடையாளத்தோடு ஓடும், அவர் வைத்த பயாஸ் பாஸ்வேர்டும் சேர்ந்து வந்தாலும் வரலாம். இன்டெல் கணினிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிப்பில் மேனேஜ்மென்ட் எஞ்சினுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அது சரியில்லாவிட்டால் கணினி நன்றாக எழுந்து, சுமார் முப்பது நிமிடத்தில் தானாக அணைந்துபோகலாம். சரிசெய்து வாங்கியதைக் கடையிலேயே முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துவருவது நல்லது.

தரவு போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். பயாஸ் அப்டேட் எஸ்எஸ்டியைத் தொடுவதில்லை. கழற்றக்கூடிய எஸ்எஸ்டி என்றால் ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு வேறு கணினியில் படித்துக்கொள்ளலாம். ஆனால் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் கதை வேறு. புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில், கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பூட்டின் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி வைத்திருக்கும். ஃபர்ம்வேர் மாறியதைக் கண்டால் அது சாவியைத் தர மறுத்துவிடும். அப்போது நீலத்திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் அந்த எண் அங்கே இருக்கும். அலுவலகக் கணினி என்றால் ஐடி பிரிவிடம் கேட்க வேண்டும். அப்டேட் தொடங்கும் முன்பே இதை எடுத்துக் காகிதத்தில் எழுதிவைப்பவர்கள் குறைவு. எண் எங்கும் இல்லையென்றால், பயாஸ் மீண்டாலும் கோப்புகள் மீளாது.

கணினி எழுந்த பிறகு வரும் கடைசிச் சிக்கலுக்கு நிறையப் பேர் வீணாக விலை கொடுக்கிறார்கள். மீண்ட பயாஸ் தன் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் தொழிற்சாலையில் வைத்த நிலைக்குக் கொண்டுபோயிருக்கும். டிஸ்க்கை அணுகும் முறை முன்பு ஏஎச்சிஐ என்றிருந்து இப்போது ரெய்டு என்றோ, அல்லது நேர்மாறாகவோ மாறியிருந்தால், பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று விண்டோஸ் நீலத்திரை காட்டும். டிஸ்க்கும் போய்விட்டது என்று நினைத்து ஃபார்மேட் செய்துவிடுவது இந்த இடத்தில்தான். பயாஸ் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்ப் பழைய முறைக்கு மாற்றிச் சேமித்தால் போதும். எது பழைய முறை என்று நினைவில்லாவிட்டால், ஒற்றை டிஸ்க் உள்ள கணினியில் இரண்டையும் மாறி மாறி வைத்துப் பார்க்கலாம். அப்படிப் பார்ப்பதால் டிஸ்க்கில் இருப்பது எதுவும் அழியாது.