சட்டைப்பையில் பிஸ்டல்: ஃபஜ்ருக்குப் போகும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

அமெரிக்காவின் டெக்சாஸில் கணினித் துறையில் வேலை பார்க்கும் நம் பகுதிப் பிள்ளை ஒருவர் அண்மையில் நமக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். "ஹஜ்ரத், ஃபஜ்ருக்கு இருட்டுல தனியாத்தான் பள்ளிக்குப் போறேன். கூடத் தொழுற சில பேரு சின்ன பிஸ்டல் ஒண்ணு வாங்கி பாக்கெட்டுல வச்சுக்கச் சொல்றாங்க. இங்க அது சட்டப்படி தப்பில்லையாம். மார்க்கத்துல கூடுமா?" மறுநாள் அவருடைய உம்மா அழைத்தார். "அவன் துப்பாக்கி வாங்கப் போறானாம் ஹஜ்ரத். நீங்க சொன்னா கேப்பான்" என்றார்.

இரண்டு பக்கமும் இருப்பது பயம்தான். நம் சமுதாயத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அமெரிக்காவில் வாழ்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வியைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பயம் வீணானதல்ல

2015 பிப்ரவரியில் வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில் மூன்று முஸ்லிம் மாணவர்களை அவர்களுடைய வீட்டிலேயே பக்கத்து வீட்டுக்காரன் சுட்டுக் கொன்றான். 2016 ஆகஸ்டில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் லுஹர் தொழுகை முடித்து நடந்து சென்ற இமாமும் அவருடைய உதவியாளரும் சுடப்பட்டு இறந்தார்கள். 2023 நவம்பரில் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் தெருவில் நடந்து சென்ற மூன்று பாலஸ்தீன மாணவர்கள் கைத்துப்பாக்கியால் சுடப்பட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு மார்புக்குக் கீழே உடல் செயலிழந்துவிட்டது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஜும்ஆவுக்கு வந்த 51 பேர் ஷஹீதாக்கப்பட்டதை உலக முஸ்லிம்கள் எவரும் மறக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ள வழி தேடினால் அவரைக் கோழை என்றோ ஈமான் குறைந்தவர் என்றோ சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேப்பல் ஹில் கொலையாளி துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல முறைப்படி அனுமதி பெற்றிருந்தவன். அனுமதிச் சீட்டு ஒருவருடைய கையில் இருப்பதால் அவருடைய உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடாது.

சட்டம் எப்படி மாறியது?

2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதனின் அரசியலமைப்பு உரிமை என்று தீர்ப்பளித்தது. 2022 ஜூனில் ப்ரூயன் வழக்கில் அந்த உரிமை வீட்டு வாசலைத் தாண்டியது. வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிப்பட்ட தக்க காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் நூறாண்டு பழைய நிபந்தனையை 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் நீக்கியது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச் சீட்டு இல்லாமலேயே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் இதுதான் நிலை.

'இங்கே தப்பில்லை' என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னவர்கள் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் குடியுரிமை பெற்றவர்களாக இருக்கலாம். அவர் அப்படியல்ல.

விசாவில் இருப்பவருக்குத் தடை

இதைப் பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். எச்-1பி, எல்-1 போன்ற வேலை விசா, எஃப்-1 மாணவர் விசா, பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோரின் பி-2 விசா ஆகியவற்றில் அமெரிக்கா சென்றவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இந்தத் தடை நீங்காது. பயிற்சிக் கூடத்தில் வாடகைத் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இதற்குள் வரும். முறையான வேட்டை உரிமம் பெற்றவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. அதையும் வழக்கறிஞரிடம் கேட்காமல் நம்பக் கூடாது. நிரந்தரக் குடியிருப்புரிமையான கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

மீறினால் தண்டனை 15 ஆண்டுகள் வரை போகலாம். சிறைக்குப் பிறகு நாடு கடத்தலும் உண்டு. 'குடியுரிமை உள்ள நண்பர் தன் பெயரில் வாங்கித் தருகிறார்' என்பதும் வழியாகாது. பிறருக்காகப் பெயர் கொடுத்து வாங்குவது தனிக் குற்றம். 2022இல் வந்த சட்டம் அதற்கும் 15 ஆண்டுகள் வரை தண்டனை வைத்திருக்கிறது.

வாழும் நாட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பேணுவது மார்க்கக் கடமை. விசா என்பதும் ஓர் ஒப்பந்தம்தான். எனவே அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை கேள்விக்கு இங்கேயே விடை கிடைத்துவிட்டது. ஆனால் குடியுரிமையும் கிரீன் கார்டும் பெற்ற நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக மேலும் பார்ப்போம்.

அந்தச் சிறிய கருவி

சட்டைப்பையில் அடங்கும் துப்பாக்கி புதிதல்ல. 1865இல் அதிபர் லிங்கனைக் கொன்றது உள்ளங்கைக்குள் அடங்கும் டெரிஞ்சர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளின் மார்பில் பாய்ந்த மூன்று தோட்டாக்கள் பெரெட்டா என்ற சிறிய இத்தாலியக் கைத்துப்பாக்கியிலிருந்து வந்தவை. அந்தத் தோட்டாவைத்தான் அமெரிக்காவில் .380 என்கிறார்கள். இன்றைய பாக்கெட் பிஸ்டல்களில் பெரும்பாலானவை அதே வகைத் தோட்டாவையே பயன்படுத்துகின்றன.

2008இல் வந்து பெரும் விற்பனையான ரூகர் எல்சிபி ஏறத்தாழ 270 கிராம் எடை. குழல் நீளம் 7 செண்டிமீட்டர். ஆறு தோட்டாக்களும் அறையில் ஒன்றும் கொள்ளும். 2018இல் வந்த சிக் பி365 சற்றுப் பெரியது. அது 9 மி.மீ. தோட்டாக்கள் பதினொன்று வரை கொள்ளும்.

எடை குறைந்தால் சுமப்பது எளிது, சுடுவது கடினம். சிறிய துப்பாக்கி கையில் துள்ளும். குழல் குட்டையாகவும் குறிபார்க்கும் முனை சிறியதாகவும் இருப்பதால் சில அடி தூரத்துக்கு அப்பால் குறி தவறும். பயிற்சியாளர்களே சொல்வது இது: மறைப்பதற்கு எளிதான துப்பாக்கி புதியவர்களுக்கு ஏற்றதல்ல. இத்தகைய பல துப்பாக்கிகளில் கையால் பூட்டும் பாதுகாப்பு விசை கிடையாது. விசைக்கால் மூடிய உறை இல்லாமல் பையில் போட்டால் சாவிக்கொத்து பட்டே வெடிக்கக்கூடும். ரூகர் எல்சிபியின் முதல் தொகுதியையே, கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று 2008 அக்டோபரில் நிறுவனம் திரும்ப அழைத்தது.

இப்போது பள்ளிவாசலை நினைத்துப் பாருங்கள். ஒளூ செய்யக் குனிகிறோம். தோளோடு தோள் சேர்ந்து ஸஃப்பில் நிற்கிறோம். ருகூஉவிலும் ஸஜ்தாவிலும் ஜிப்பாவின் பை தலைகீழாகிறது. ஸஜ்தாவில் இருப்பவரின் முதுகில் குழந்தை ஏறி விளையாடுகிறது. இதற்குப் பயந்து காரிலேயே வைத்துவிட்டு வந்தால் அங்கிருந்து திருடு போகிறது. அமெரிக்காவில் களவு போகும் துப்பாக்கிகளில் பெரும்பகுதி கார்களிலிருந்து போகிறவைதான்.

மார்க்கம் காட்டும் ஒழுங்கு

தற்காப்பு மார்க்கத்தில் மறுக்கப்பட்டதல்ல. தன் உயிரையும் குடும்பத்தையும் பொருளையும் காக்கும்போது கொல்லப்பட்டவர் ஷஹீத் என்ற கருத்தில் ஹதீஸ்கள் உள்ளன. முன்னெச்சரிக்கையாக இருக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 71ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அதே அத்தியாயத்தின் 102ஆம் வசனம் போர்க்களத்தில் ஆயுதத்தோடு தொழும் முறையைச் சொல்கிறது.

அதே மார்க்கம்தான் ஆயுதத்துக்குக் கடுமையான ஒழுங்கையும் வைத்தது. நம் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்போடு செல்பவர் யார் மீதும் படாதபடி அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். உறையிலிருந்து உருவிய வாளைக் கைமாற்றுவதை அவர்கள் தடுத்தார்கள். சகோதரனை நோக்கி விளையாட்டுக்குக்கூட ஆயுதத்தை நீட்டக் கூடாது என்றும் எச்சரித்தார்கள்.

இன்னொரு நிகழ்வும் புகாரியில் உண்டு. மினாவில் ஹாஜிகளின் கூட்டத்தில் யாரோ வைத்திருந்த ஈட்டியின் முனை இப்னு உமர் (ரலி) அவர்களின் பாதத்தில் குத்திவிட்டது. நலம் விசாரிக்க வந்த ஆட்சியாளர் ஹஜ்ஜாஜிடம், நீர்தான் என்னைக் காயப்படுத்தினீர் என்றார்கள் அவர்கள். ஆயுதம் கொண்டுவரக் கூடாத நாளில், கூடாத இடத்துக்கு அதை அனுமதித்தவர் என்பதே காரணம். குத்தியவர் யாரென்று அவர்கள் தேடவில்லை. கூட்டத்துக்குள் ஆயுதத்தை விட்டவரையே பொறுப்பாக்கினார்கள். பள்ளிவாசல் நிர்வாகிகள் இதை யோசிக்க வேண்டும்.

நம் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் தாக்க வருபவனைத் தடுப்பது பற்றித் தனிப் பாடமே உண்டு. சொல்லால் தடுக்க முடிந்தால் கை கூடாது, கையால் முடிந்தால் ஆயுதம் கூடாது, தப்பி ஓட வழியிருந்தால் கொல்லக் கூடாது என்று படிப்படியாகச் செல்கிறது அது. பையில் துப்பாக்கி ஒன்றை மட்டும் வைத்திருப்பவர், பதற்றத்தில் முதல் படியிலேயே கடைசிப் படிக்குத் தாவிவிடும் ஆபத்து இருக்கிறது.

வீட்டுக்குள் வரும் ஆபத்து

பையில் சுமக்கும் துப்பாக்கி இரவில் வீட்டில்தான் தங்கும். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டோர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் 2.6 கோடிப் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட எட்டு மடங்கு அதிகம் என்றும், பெண்களிடம் அது 35 மடங்கு என்றும் அந்த ஆய்வு கண்டது.

வேலை போய், விசா கெடு நெருங்கி, மனம் உடைந்திருக்கும் ஓர் இரவு எந்த வீட்டுக்கும் வரலாம். பதின்ம வயதுப் பிள்ளை ஏதோ ஒரு வேதனையில் அறைக்குள் இருக்கலாம். அந்த இரவில் அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது பெரிய வேறுபாடு.

வெளியே இன்னோர் ஆபத்தும் உண்டு. 2016இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர் வழிமறித்தார். அனுமதி பெற்ற துப்பாக்கி தம்மிடம் இருப்பதை அவரே மரியாதையாகச் சொன்னார். சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். காவலர் விடுதலையானார். தாடியும் தொப்பியுமாக நிற்கும் நம் பிள்ளைக்கு இதில் பாடம் இருக்கிறது.

அப்படியானால் வழி என்ன?

ஆயுதம் உதவிய நிகழ்வும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2019 டிசம்பரில் டெக்சாஸின் ஒயிட் செட்டில்மென்ட் தேவாலயத்தில் இருவரைக் கொன்றவனைத் தொண்டர் ஒருவர் ஆறே நொடிகளில் சுட்டு வீழ்த்தினார். ஆனால் அவர் பிறருக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளிப்பவர். தேவாலயம் முறையாக அமைத்த பாதுகாப்புக் குழுவை நடத்தியவர். தொழ வந்த ஒவ்வொருவரும் பையில் ஒன்றை வைத்திருந்ததால் நடந்ததல்ல அது.

அதே ஆண்டு ஆகஸ்டில் நார்வேயின் பேரம் பகுதிப் பள்ளிவாசலில் துப்பாக்கிகளோடு நுழைந்தவனை, 65 வயதான முன்னாள் பாகிஸ்தான் விமானப்படை அதிகாரி வெறுங்கையால் பிடித்து அமுக்கினார். பள்ளிவாசலின் கதவு பூட்டியிருந்தது. அவன் அதைச் சுட்டு உடைத்துத்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. தொழுதவர்களுக்கு யாரும் இறக்கவில்லை.

பூட்டிய கதவு, வெளிச்சமான வாகன நிறுத்தம், கேமரா, ஜும்ஆவுக்கும் தராவீஹுக்கும் பயிற்சி பெற்ற காவலர், காவல்துறையோடு தொடர்பு, காயப்பட்டவரின் இரத்தத்தை நிறுத்தத் தெரிந்த நான்கு இளைஞர்கள். வழிபாட்டுத் தலங்கள் இவற்றைச் செய்துகொள்ள அமெரிக்க மத்திய அரசின் பாதுகாப்பு நிதித் திட்டம் ஒன்றும் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது என்பது இதுதான். ஆயுதம் தேவை என்று ஜமாஅத் கருதினால், சட்டப்படி தகுதியும் பயிற்சியும் உள்ள ஓரிருவரிடம் ஷூராவின் பெயரில் அது இருக்கட்டும். ரகசியமாக ஆளுக்கொன்று வேண்டாம்.

அந்தப் பிள்ளைக்கு நாம் இப்படித்தான் பதில் சொன்னோம்: 'தம்பி, உங்கள் விசாவில் அதைத் தொடுவதே குற்றம். உங்கள் உம்மாவுக்கு நீங்கள் வேண்டும். நாளை முதல் ஃபஜ்ருக்குத் தனியாகப் போகாதீர்கள். அந்தப் பக்கம் குடியிருக்கும் மூன்று பேரைச் சேர்த்து ஒரே காரில் போங்கள்.' இப்போது நான்கு பேராகப் போகிறார்கள் என்று அவருடைய உம்மா சொன்னார்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளையும் உலகெங்கும் உள்ள பள்ளிவாசல்களையும் எல்லாத் தீங்கிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.