100 ரூபாய்க்குப் போடுங்க!

ராயப்பேட்டையில் ஒரு பெட்ரோல் பங்க். காலை ஒன்பதரை மணி. ஆபீஸுக்குப் பறக்கிற கூட்டம். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "விலையைப் பார்த்தீங்களா சார், அநியாயம்!" என்று புலம்ப, முன்னால் நின்ற இளைஞர் திரும்பிச் சிரித்தார்.

"எவ்ளோ ஏறினா எனக்கென்ன சார்? நான் எப்பவும் 100 ரூபாய்க்குத்தான் போடுவேன்."

பழைய ஜோக்தான். ஆனாலும் வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, ஆபீஸுக்குப் போனதும் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

2008 ஜூலை. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அன்று டாலர் சுமார் 43 ரூபாய். பீப்பாய்க்கு 159 லிட்டர். வகுத்தால், லிட்டர் கச்சா எண்ணெய் 40 ரூபாய். சென்னையில் பெட்ரோல் சுமார் 55 ரூபாய்.

2020 ஏப்ரல். ஊரடங்கு. ராயப்பேட்டை ஹைரோடில் கிரிக்கெட்டே ஆடலாம்! இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் 20 டாலருக்கு இறங்கியிருந்தது. டாலர் 76 ரூபாய் என்றாலும் லிட்டர் 10 ரூபாய்கூட இல்லை. பெட்ரோல்? 72 ரூபாய் சொச்சம்!

சரக்கு விலை கால்வாசி ஆயிற்று. பங்க் விலை 17 ரூபாய் கூடியது. எப்படி?

2008-ல் அரசு விலையைக் கட்டிப் பிடித்து வைத்திருந்தது. எண்ணெய் கம்பெனிகளின் நஷ்டத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. 2010 ஜூனில் பெட்ரோலுக்கு அந்தக் கட்டு அவிழ்ந்தது. 'இனி சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும்' என்று நம்பினோம். ஏறும்போது சரியாகத்தான் ஏறியது. இறங்கும்போதோ, அந்த இடைவெளியில் வரி வந்து துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டது.

2014-ல் லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த மத்திய கலால் வரி, 2020 மே மாதம் 32 ரூபாய் 98 காசு. அதே மாதம் மாநில அரசும் தன் பங்குக்கு 3 ரூபாய் சொச்சம் ஏற்றியது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. பிறகுதான் மாநிலம் 3 ரூபாய், மத்திய அரசு 5, அப்புறம் 8 என்று குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் சரிந்ததும் கலால் மறுபடி 2 ரூபாய் ஏறி 21.90 ஆனது. பங்க் விலை அசையவில்லை.

தமிழ்நாட்டு வரி 13 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. அந்த 13 சதவீதம் கலால் வரியையும் சேர்த்த தொகைக்கு. வரிக்கு வரி!

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2010-ல் சென்னையில் பெட்ரோல் சுமார் 56 ரூபாய். வருமான வரிக்காரர்களின் பணவீக்கக் குறியீடு அந்த ஆண்டு 167, 2025-26-ல் 376. அதே வேகத்தில் ஏறியிருந்தால் பெட்ரோல் 126 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். 101 ரூபாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆக, மற்ற விலைவாசியோடு ஒப்பிட்டால் பெட்ரோல் ஓடவில்லை, நடந்துதான் வந்திருக்கிறது. நம் சம்பளம் எந்த வேகத்தில் வந்தது என்பதை அவரவர் வீட்டில் ரகசியமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் அதே பங்க். அதே இளைஞர்.

"தம்பி, 2025-ல நீங்க போட்ட 100 ரூபாயில பைக்குக்குப் போனது 57 ரூபாய்தான். மிச்சம் 43 ரூபாய் வரி" என்றேன்.

ஒரு நிமிஷம் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அப்படியா சார்! 'இன்கம்டாக்ஸ் கட்டற மாப்பிள்ளை கிடைக்கலையே'ன்னு என் மாமனார் இன்னிக்கு வரைக்கும் குத்திக்காட்டறாரு. நான் இத்தனை வருஷமா டாக்ஸ் கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

பங்க் பையனிடம் திரும்பினார். "தம்பி, 100 ரூபாய்க்குப் போடுங்க. மறக்காம பில் குடுங்க!"