கொடுத்த பணமும் கொடுத்த வாக்கும்

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் பெரியோர் முகம் மலர்கிறது. வீடியோ விளையாட்டு என்றாலோ அதே முகம் சுருங்கிவிடுகிறது! கண் கெடும், படிப்புக் கெடும், காசு கெடும் என்பன அவர்கள் கூறும் மூன்று குற்றச்சாட்டுகள். முதல் இரண்டும் நாம் எவ்வளவு நேரம் விளையாடுகிறோம் என்பதைப் பொறுத்தவை. அவற்றுக்கு மறுப்புக் கூற நாங்கள் முன்வரவில்லை. மூன்றாவதாகிய காசைப் பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகிறோம். ஏனெனில், இன்று உலகெங்கும் பல்லாயிரம் பேர் இன்னும் பிறக்காத விளையாட்டுகளுக்கு முன்கூட்டியே பணம் கொடுக்கிறார்கள். இது அறிவுடைமையா, அறியாமையா? கொடுக்கலாம், ஆனால் கணக்குக் கேட்டுக் கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இம்முறைக்குக் கிரவுட் ஃபண்டிங் என்று பெயர். நாம் கூட்டு நிதி எனலாம். ஊர் கூடித் தேர் இழுக்கும் நம் நாட்டுக்கு இது புதிதன்று. 1976-ஆம் ஆண்டில் ஷியாம் பெனகல் இயக்கி வெளிவந்த ‘மந்தன்’ என்னும் இந்தித் திரைப்படத்தை எண்ணிப் பாருங்கள். குஜராத் மாநிலத்தின் பால் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த 5 இலட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்து அப்படத்தை உருவாக்கினார்கள். எந்தச் செல்வந்தரிடமும் கைகட்டி நிற்காமல், தங்கள் கதையைத் தாங்களே படமாக்கிக்கொண்டார்கள்! சிறுதுளி பெருவெள்ளம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே வழியை இணையத்தில் அமைத்துக் கொடுத்த நிறுவனங்களுள் ஒன்று, 2009-இல் நியூயார்க் நகரில் தோன்றிய கிக்ஸ்டார்ட்டர். விளையாட்டை உருவாக்க விரும்புவோர் தம் திட்டத்தை அங்கே விளக்கி, இவ்வளவு தொகை, இத்தனை நாட்களுக்குள் வேண்டும் என்று அறிவிப்பர். குறித்த நாளுக்குள் அத்தொகை முழுவதும் சேர்ந்தால் மட்டுமே கொடுக்க முன்வந்தவர்களிடம் பணம் பெறப்படும். ஒரு ரூபாய் குறைந்தாலும் எவரிடமும் எதுவும் பெறப்படாது. திரண்ட தொகையில் நூற்றுக்கு 5 பங்கை நிறுவனம் தன் கட்டணமாக எடுத்துக்கொள்ளும்.

இவ்வழியை நாடுவோர் பெரும்பாலும் பெரிய நிறுவனத்தின் துணையின்றித் தனியாகவோ, நாலைந்து பேராகவோ உழைப்பவர்கள். அவர்களுள் பலர் 1980-களின் பாணியில், சிறு சிறு சதுரங்களாலான படங்களைக் கொண்ட விளையாட்டுகளை உருவாக்குகிறார்கள். “கையில் நவீனக் கருவி இருக்க, பழைய பாணி எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். தையல் வகுப்பில் கட்டமிட்ட துணியில் குறுக்குத் தையல் போட்டவர்களுக்கு விடை எளிதில் விளங்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு வண்ணம். நூல் நிறங்களோ சில. ஆயினும் ரோஜாவும் மலரும், மயிலும் ஆடும்! வரம்பு குறுகியதாக இருக்கும்போது கற்பனை கூர்மையாகிறது. செலவு குறைவதால் சிலர் மட்டுமே சேர்ந்தும் ஒன்றைச் செய்து முடிக்க இயலுகிறது.

அமெரிக்க இளைஞர் டோபி ஃபாக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2013-ஆம் ஆண்டில் ‘அண்டர்டேல்’ என்னும் விளையாட்டுக்காக அவர் கேட்டது வெறும் 5,000 டாலர். கேட்பதற்கு முன்பே விளையாட்டின் ஒரு பகுதியைச் செய்து, எவரும் இலவசமாக விளையாடிப் பார்க்கும்படி வெளியிட்டார். 2,398 பேர் சேர்ந்து 51,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். கதை, இசை, நிரல் எனப் பெரும்பகுதியைத் தாமே செய்து 2015 செப்டம்பரில் அவர் விளையாட்டை வெளியிட்டார். எதிர்ப்படும் எந்த உயிரையும் கொல்லாமல், இரக்கம் காட்டியே இறுதிவரை செல்லலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. 2016 மே மாதம் வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களைச் சந்தித்த யூடியூப் படைப்பாளர் மேத்யூ பேட்ரிக், இவ்விளையாட்டையே அவருக்குப் பரிசாக அளித்தார். அது இரக்கத்தின் யூபிலி ஆண்டு என்பதை நினைவுகூர்ந்தால் அப்பரிசின் பொருத்தம் விளங்கும். 2022 ஜனவரியில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பில் சர்க்கஸ் கலைஞர்கள் தம் திறனைக் காட்டியபோது ஒலித்ததும் இவ்விளையாட்டின் இசைதான்! ஒரு பெரிய நிறுவனத்தின் வாயிலில் நின்றிருந்தால் இத்தகைய விளையாட்டு உள்ளே அனுமதிக்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

வாக்கைக் காப்பது எளிதன்று என்பதையும் நாம் அறிய வேண்டும். கலிபோர்னியாவின் யாட் கிளப் கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2013-இல் ‘ஷவல் நைட்’ என்ற விளையாட்டுக்காக 75,000 டாலர் கேட்டனர். மண்வெட்டியை ஆயுதமாகக் கொண்ட வீரனின் கதை அது. 14,749 பேர் 3,11,502 டாலர் கொடுத்தனர். தொகை பெருகப் பெருக, வேறு வீரர்களைக் கொண்டு விளையாடும் புதிய பகுதிகளையும் தருவதாக அவர்கள் வாக்களித்தனர். விளையாட்டு 2014 ஜூனில் வந்துவிட்டது. ஆனால் வாக்களித்த கடைசிப் பகுதி வெளிவந்தது 2019 டிசம்பரில்! பணம் கொடுத்தவர்களிடம் அப்புதிய பகுதிகளுக்காக மேலும் ஒரு காசுகூட அவர்கள் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் கொடுத்த வாக்கை நிறைவேற்ற ஆறு ஆண்டுக்கு மேல் உழைத்த அவர்களை எப்படிப் பாராட்டாமல் இருக்க முடியும்?

எல்லாரும் இவ்வாறு நிறைவேற்றினார்களா? இல்லை. ‘மெகா மேன்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டில் பெரும் பங்காற்றிய ஜப்பானியர் கெய்ஜி இனாஃபூனே, 2013-இல் அதே பாணியில் ‘மைட்டி நம்பர் 9’ என்ற விளையாட்டை அறிவித்து 9 இலட்சம் டாலர் கேட்டார். 67,226 பேர் சேர்ந்து 38 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்தனர். பணம் பெருகியது, வாக்குறுதியும் பெருகியது. பத்து வகைக் கருவிகளில் விளையாடலாம் என்றார்கள். 2015 ஏப்ரலில் வரவேண்டியது பலமுறை தள்ளிப்போய் 2016 ஜூனில்தான் வந்தது. கையில் வைத்து விளையாடும் இரு கருவிகளுக்கான பதிப்புகள் வரவே இல்லை. வந்த விளையாட்டும் பலரை ஏமாற்றத்தில் ஆழ்த்தியது. இது முடியுமுன்பே, 2015 ஜூலையில், மற்றொரு விளையாட்டுக்காக அவர்கள் மீண்டும் மக்களிடம் கையேந்தினார்கள். இம்முறை கேட்ட தொகை சேரவில்லை. மக்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள் போலும்!

கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று இயேசு பெருமான் லூக்கா நற்செய்தியில் நமக்குப் போதிக்கிறார். அடித்தளம் போட்டுவிட்டு முடிக்க இயலாதவனைப் பார்ப்போர் ஏளனம் செய்வர் அல்லவா? இங்குச் சிக்கல் என்னவென்றால், கேட்டதற்கு மேல் பணம் குவியும்போது கோபுரமும் உயர்ந்துகொண்டே போகிறது. டிம் ஷேஃபர் என்பவரின் டபுள் ஃபைன் நிறுவனம் 2012-இல் 4 இலட்சம் டாலர் கேட்டு 33 இலட்சத்துக்கு மேல் பெற்றது. எட்டு மடங்கு கிடைத்தும் அது போதவில்லை என்றால் நம்ப முடிகிறதா? திட்டம் அவ்வளவு பெரிதாகிவிட்டது. ‘புரோக்கன் ஏஜ்’ என்ற அவ்விளையாட்டின் முற்பாதியை 2014 ஜனவரியில் விற்று, அப்பணத்தின் துணையோடு பிற்பாதியை 2015 ஏப்ரலில் முடித்தார்கள். ஆயினும் ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். தங்கள் வேலையையும் இடர்ப்பாடுகளையும் தொடக்கம் முதல் படம்பிடித்துப் பணம் கொடுத்தவர்களுக்குக் காட்டினார்கள். தாமதம் மன்னிக்கக் கூடியது; மறைத்தலே மன்னிக்க இயலாதது.

அப்படியானால், நாம் கொடுக்கும் இப்பணம் எத்தகையது? கடையில் கொடுக்கும் விலையா? கடையில் பொருளைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம். இங்கே பொருளே இல்லை. 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் நிறுவனமே இது கடையன்று என்று வெளிப்படையாக அறிவித்தது. என்னென்ன இடர்கள் நேரலாம் என்பதைத் திட்டம் வகுப்போர் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றும் அப்போது விதித்தது. அவ்வாறாயின், இது தருமமா? அதுவும் அன்று. தவக்காலத்தில் நாம் உண்டியலில் இடும் காசு பசித்தவருக்கு உரியது. அதைக் குறைத்து விளையாட்டுக்குக் கொடுப்பது ஏழையின் தட்டிலிருந்து எடுப்பதற்கு ஒப்பாகும். மிட்டாய்க்கும் ஐஸ்கிரீமுக்கும் செலவிடும் காசிலிருந்து மட்டுமே இதற்குக் கொடுக்கலாம். இது விலையும் இல்லாத, தருமமும் இல்லாத மூன்றாவது வகை. நம்பிக்கை என்பதே இதற்குத் தகுந்த பெயர்.

“பணம் போனால் போகட்டும், சிறிய தொகைதானே” என்று சிலர் கூறுவதை நாங்கள் ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் அவ்வாறு விட்டுவிட்டால் ஏமாற்றுவோர் பெருகுவர். அடுத்து வரும் நேர்மையான கலைஞனை எவரும் நம்பமாட்டார். பள்ளி விழாவுக்கு வகுப்பில் ஆளுக்குப் பத்து ரூபாய் திரட்டும் வகுப்புத் தலைவி, விழா முடிந்ததும் செலவுக் கணக்கை எழுதி வகுப்பாசிரியையிடம் காட்டுகிறாள். பத்து ரூபாய்க்கே கணக்கு உண்டென்றால் பத்து இலட்சத்துக்கு வேண்டாமா?

எனவே கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம். முதலாவது, செய்து காட்டியது ஏதேனும் உண்டா? வானத்தை வில்லாக வளைப்பேன் என்பவரைவிட, விளையாடிப் பார்க்க ஒரு சிறு பகுதியைத் தருபவர் மேல். இரண்டாவது, கேட்கும் தொகைக்கும் கூறும் திட்டத்துக்கும் பொருத்தம் உண்டா? விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். மூன்றாவது, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தவறாமல் தெரிவிப்பாரா? இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தாலும், பெற்றோரிடம் கூறாமல் எவளும் இதில் இறங்கலாகாது. வங்கி அட்டை அவர்களுடையது, உழைப்பும் அவர்களுடையது.

பெற்றோரிடமும் எங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கைப்பேசியில் இலவசம் என்று வரும் பல விளையாட்டுகள் உண்மையில் இலவசமல்ல. நிமிடத்துக்கு ஒரு விளம்பரம் காட்டி, இதை வாங்கு, அதை வாங்கு என்று சிறுபிள்ளைகளை நச்சரித்துப் பணம் பறிப்பவை அவை. முன்பே செலவுக்குப் பணம் பெற்று உருவாகும் சிறு விளையாட்டுக்கு அவ்வாறு பறிக்க வேண்டிய தேவை குறைவு. எது இலவசம் என்று பார்ப்பதைவிட எது நேர்மையானது என்று பார்த்து எங்களுக்கு வழிகாட்டுங்கள்.

அன்புத் தோழியரே! நம்முள் யாரேனும் ஒருத்தி நாளை ஒரு விளையாட்டையோ, படத்தையோ, நூலையோ உருவாக்க மக்களிடம் கைநீட்டக் கூடும். அன்று கையில் வந்து விழும் ஒவ்வொரு காசின் பின்னும் நம் முகம் அறியாத ஒருவரின் நம்பிக்கை இருக்கும். அளவோடு வாக்களித்து, அளித்ததை முடித்து, முடியாவிடில் உண்மையைக் கூறும் துணிவை இன்றே பழகிக்கொள்வோம். கொடுக்கும் கை கணக்குக் கேட்கட்டும்; வாங்கும் கை வாக்கைக் காக்கட்டும்!